குட்டையில் விட்ட டேங்க் கிளீனர்

சிங்கப்பூரில் கம்பி கட்டப் போனவர்கள் திரும்பி வந்து மாடி எடுப்பார்கள். நான் மூன்று வருடம் கம்பி கட்டிவிட்டு, திருத்துறைப்பூண்டிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து மீன்தொட்டி வைத்தேன். நாலு தங்கமீன். வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தால் பாசி பிடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். ஒரே மாதத்தில் பச்சைத் தண்ணீர்தான் தெரிந்தது, மீன் தெரியவில்லை.

தஞ்சாவூர்க் கடைக்காரர் இரண்டு கறுப்பு மீன்களையும் நாலு நத்தைகளையும் பையில் போட்டுக் கொடுத்தார். “டேங்க் கிளீனர் சார். பாசியெல்லாம் இதுங்களே தின்னுடும். நீங்க கையே வைக்க வேணாம்.”

கை வைக்காமல் வேலை நடப்பது எனக்குப் பிடித்த கொள்கை. கொஞ்ச நாள் நடக்கவும் நடந்தது. விரல் நீளத்தில் இருந்தபோது கண்ணாடியில் வாயை ஒட்டித் துடைத்த மீன்கள், சாண் தாண்டி வளர்ந்ததும் பாசியை விட்டுவிட்டுத் தங்கமீன்களின் முதுகில் ஒட்டின. நத்தைகள் செடியைத் தின்றன.

“வீட்ல உக்காந்து தின்னு கொழுக்க ஒரு ஆளு பத்தாதா?” என்றாள் மனைவி. அந்த ஒரு ஆள் யார் என்று நான் கேட்கவில்லை.

அடித்துப் போட மனசு வரவில்லை. “வெள்ளிக்கிழமையும் அதுவுமா உசுரைக் கொல்லாதடா, தண்ணியில விட்டுட்டு வா” என்றார் அம்மா. வாய்க்காலில் விட்டிருப்பேன். அந்த வருடம் மேட்டூர் திறக்கவில்லை. வாய்க்காலில் ஆடு மேய்ந்தது. தண்ணீர் இருந்த ஒரே இடம் எங்கள் குத்தகைக்காரர் வெட்டிய மீன்குட்டை. பட்டப்பகலில் வாளியோடு போய்க் கவிழ்த்துவிட்டு, புண்ணியம் செய்தவன் நடையில் திரும்பினேன்.

நிலம் எங்கள் பெயரில். உழுதவர் அவர், அவருக்கு முன் அவருடைய அப்பா. அவரை வெளியேற்ற என் அப்பா வழக்குப் போட்டிருந்தார். ஆட்சி மாறும்போதெல்லாம் கொடிக்கம்பத்துக்குப் புதுப் பெயிண்ட் வரும். வழக்குக்குப் புது வாய்தா வரும். தண்ணீர் வராத வருடங்களில் அவர் நிலத்தை விடாமல் இருந்தது அந்தக் குட்டையில் வளர்ந்த கெண்டையாலும் விராலாலும்தான். “அதுவும் போச்சுன்னா தானா கிளம்பிடுவான்” என்று அப்பா சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். எனக்குச் சோறு முக்கியம், காதில் வாங்கியதில்லை.

இரண்டு வருடம் கழித்துக் கோடையில் குத்தகைக்காரர் இன்ஜின் வைத்துக் குட்டையை இறைத்தார். ஊரே பாத்திரத்தோடு கரையில் நின்றது. வலை கனமாகத்தான் வந்தது. கெண்டை ஐந்தாறு; மற்றவையெல்லாம் கறுப்பாக, ஓடு போர்த்தியது போல், முள்ளால் வலையைக் கிழித்துக்கொண்டு நெளிந்தன. என் வீட்டு மீனின் பிள்ளைகள். அவை வளை தோண்டியதில் ஒரு பக்கக் கரையே சரிந்து கிடந்தது. ஒருவர் அரிவாளால் ஒன்றை வெட்டிப் பார்த்தார். அரிவாள் வழுக்கியது. காலிப் பாத்திரத்தோடு எல்லாரும் கலைந்தார்கள்.

சேற்றில் நின்றவரிடம் போனேன். “அண்ணே, இது நான் விட்டது. எங்க வீட்டுத் தொட்டி மீனு.”

நிமிர்ந்து பார்த்தார். நான் எதைச் சொன்னாலும் ஊர் சிரிக்கும். அந்தப் பெயரைப் பாடுபட்டுச் சம்பாதித்திருந்தேன். அவரும் சிரித்தார்.

“அப்பாவுக்காகப் பழிய ஏத்துக்கிறீங்களா தம்பி? விஷம் வைப்பாருன்னுதான் பயந்துகிட்டு இருந்தேன். இப்படி ஒரு மீனைத் தேடிப் புடிப்பாருன்னு நினைக்கல.”

“அவருக்குத் தெரியவே தெரியாதுண்ணே. பாவம்னு நான்தான் விட்டேன்.”

“யாரு பாவம்னு?” என்று கேட்டுவிட்டு வலையைச் சுருட்டினார்.

ஆடி பிறக்கும் முன் கையெழுத்துப் போட்டு நிலத்தை ஒப்படைத்துவிட்டு, குடும்பத்தோடு திருப்பூர் பஸ் ஏறினார். அப்பாவிடமும் உண்மையைச் சொன்னேன். அவர் உடனே நம்பினார். “உருப்படியா நீ செஞ்ச ஒரே காரியம்டா” என்று தோளில் தட்டினார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

தொட்டியில் இப்போது மனைவி வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். குட்டை எங்களுடையது. வலை போட ஆள் வருவதில்லை. கரையில் நின்றால், கறுப்பு வாய்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு உள்ளே போகும்.