வெறுந்தாளில் வைத்த கையெழுத்து

சுனாமிக்குப் பிறகு சாய்ந்தமருது முகாமில் இருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில், வீடு கேட்டு அரசாங்கத்துக்கு மகஜர் அனுப்பப் போவதாகச் சொல்லி ஒரு சங்கத்தார் கையெழுத்து வாங்கினார்கள். "மகஜரப் பொறகு எழுதுவம், சனம் கலையிறத்துக்குள்ள வைங்க," என்றார்கள். வெறுந்தாளில் வைத்தேன்.

சில வாரங்களில் பத்திரிகையில் செய்தி வந்தது: கடலோரம் வேண்டாம், வயல்பக்கம் வீடு தாருங்கள் என்று மீனவர்களே கேட்டிருக்கிறார்களாம். தோணியில் மீன்பிடிக்கும் நான் பிரதேச செயலகத்துக்கு ஓடினேன்.

"உங்கட கையெழுத்துத்தானே?" என்று மகஜரைக் காட்டினார் அதிகாரி.

"ஓம் சேர். வெறுந்தாளிலதான் வெச்சன்."

"இப்ப அது வெறுந்தாள் இல்லையே."

வீடு வயல் நடுவில்தான் கிடைத்தது. தினமும் சைக்கிளில் கடலுக்குப் போகிறேன். இப்போது எந்த மகஜரையும் முழுக்க வாசித்து, கடைசி வரியை ஒட்டியே கையெழுத்து வைக்கிறேன். பின்னால் வரிசை முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.