ஈவாவின் அண்ணனுக்கு ஒரு பாலஸ்தாபனம்

போன மாதம் ஒரு கூட்டத்தில் வசந்தி எழுந்து நின்று, "நாங்கள் எங்கள் கடவுளையே கொட்டிலில் இருத்துவோம்" என்று சொன்னாள். ஆங்கிலத்தில். வெள்ளைக்காரர் நிறைந்த ஒரு நூலக மண்டபத்தில்! பக்கத்தில் இருந்த எனக்கு வேர்த்துவிட்டது.

கொஞ்சம் பொறுங்கள், முதலிலிருந்து வருகிறேன்.

வசந்தி என் சிநேகிதி. ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில் இருக்கிறாள். ரொறன்ரோவின் வடக்கே எழும்பும் ஒரு கட்டடத்துக்கு அவள்தான் ப்ரொஜெக்ட் கோர்டினேட்டர். நாஜிகள் செய்த கொடுமைகளுக்கான ஆவண மையம் அது. தப்பி வந்தவர்களின் கடிதங்கள், படங்கள், குரல் பதிவுகள் எல்லாவற்றையும் அங்கே வைக்கப்போகிறார்கள். எழும்பும் என்றா சொன்னேன்? எழும்பும், விழும், மறுபடி எழும்பும்…

பஸ்ஸில் அந்த வழியால் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். ஒருமுறை இரண்டு கொங்கிறீட் கோபுரங்கள் நின்றன. மாடிப்படிகளுக்கானவை. அடுத்த முறை பார்த்தால் இரண்டையும் காணோம்! கட்டியதை ஏன் உடைத்தார்கள்? எனக்கு இப்படியான விஷயங்களில் வாய் சும்மா இராது. உடனே வசந்திக்குப் போன் எடுத்தேன்.

"முதல் ஆர்க்கிடெக்ட் கீறின டிசைனை ஒருத்தராலயும் கட்ட ஏலாமப் போச்சுதடி. மெல்லிய மெல்லிய கொங்கிறீட் தூணுகள், இடையில கண்ணாடி. வடிவுதான். ஆனா கட்ட வந்த கொம்பனி பாதியில படுத்திட்டுது. பிறகு வந்தவர் புதுசாக் கீறினார். அந்தக் கோபுரம் ரெண்டும் அதுக்குள்ள அடங்கேல்லை. உடைச்சாச்சு."

"இப்ப என்ன நிலைமை?"

"இப்ப நிலத்துக்குக் கீழ பேஸ்மென்ற்றுக்குள்ள தண்ணி ஊறுது. பழைய கடதாசியள் வைக்கிற இடமெல்லோ அது! எனக்கு நித்திரையே இல்லை."

இதைவிட இன்னொரு சிக்கலும் இருந்ததாம். இப்படியான கட்டடம் அழகாக இருக்கலாமா, கூடாதா? அழகாக இருந்தால் கொடுமை மறந்துபோகும் என்றார்களாம் சிலர். அசிங்கமாக இருந்தால் ஆர் வருவார் என்றார்களாம் மற்றவர்கள். அந்தச் சண்டையிலேயே பல மாதம் போனது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? யோசிக்க யோசிக்க எனக்கு இரண்டு பக்கமும் சரியாகத்தான் படுகிறது.

சிரிக்காதீர்கள். நாங்களென்றால் ஒரு நினைவுத்தூண் என்றதுமே, அத்திவாரம் வெட்ட முன்னரே இரண்டு சங்கமாகப் பிரிந்திருப்போம்.

தாமதத்தை விளக்கத்தான் அந்தக் கூட்டம். ஆர்வம் தாங்காமல் நானும் வசந்தியோடு தொற்றிக்கொண்டு போனேன். மையத்தின் இயக்குநர் திரையில் படம் காட்டிக் காட்டி விளக்கினார். அப்போது முன்வரிசையில் வோக்கரைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி எழுந்தார். தொண்ணூறை நெருங்கும் வயது. பெயர் ஈவா. சிறுமியாக இருந்தபோது ஒரு பண்ணைக் குடும்பம் அவரைக் கோழிக்கூட்டுக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றியது. அண்ணனை ஒளிக்க இடம் போதவில்லை. அவன் திரும்பி வரவேயில்லை.

"என் அண்ணனின் படத்தை உங்களிடம் தந்திருக்கிறேன்" என்றார் ஈவா. "அவன் முகம் தெரிந்த ஆள் இந்த உலகத்தில் இப்போது நான் மட்டும்தான். நான் போவதற்கு முன் வேறு யாராவது அவனைப் பார்க்க வேண்டும். எப்போது திறப்பீர்கள்?"

இயக்குநர், "இந்த வின்ரரில் குளிர் கடுமையாக இல்லாவிட்டால்…" என்று தொடங்கி எங்கேயோ போய்விட்டார். பாவம், அவர் மட்டும் என்ன செய்வார்?

அப்போதுதான் வசந்தி எழுந்து அந்தக் கொட்டில் கதையைச் சொன்னாள். கோயிலில் திருப்பணி நடக்கும்போது, 'வேலை முடிந்தபிறகு வாங்கோ' என்று நாங்கள் சாமியை அனுப்பிவிடுவதில்லை. பக்கத்தில் ஒரு சின்னக் கொட்டில் போட்டு, சாமியை அங்கே இருத்தி, பூசையைத் தொடர்ந்து நடத்துவோம். அதற்குப் பாலஸ்தாபனம் என்று பெயர். கட்டடம் தன்பாட்டில் வரும். "கட்டட சைற்றில் ஒரு ட்ரெய்லர், சில்லு வைத்த தகர அறை, சும்மா நிற்கிறது. படங்களின் பிரதிகளை அதில் வைத்தால் என்ன?" என்று கேட்டாள்.

நிர்வாகக் குழுவில் ஒருவர், "இவ்வளவு பெரிய துயரத்தை ட்ரெய்லருக்குள் வைப்பதா? இறந்தவர்களுக்கு அது மரியாதையா?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே மனம் வரவில்லை.

ஈவா அவரைத் திரும்பிப் பார்த்தார். "நான் உயிரோடு இருப்பது ஒரு கோழிக்கூட்டால். எனக்கு ட்ரெய்லர் மாளிகை." பிறகு வசந்தியிடம், "கொட்டிலில் இருத்தினால் உங்கள் கடவுள் கோபிக்க மாட்டாரா?" என்றார்.

"அவர் கோபிக்க மாட்டார். மழை ஒழுகினால் ஐயர்தான் கோபிப்பார்."

முதலில் சிரித்தவர் அந்த மரியாதைக்காரர்தான்.

காரில் ஏறியதும் வசந்தி தலையில் கை வைத்தாள். "ஐயோ, நான் உளறிப்போட்டனோ?"

"ஓம், உளறினனிதான். ஆனா எல்லாருக்கும் விளங்கிச்சுது" என்றேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ட்ரெய்லரைத் திறந்தார்கள். ரிப்பனும் இல்லை, பேச்சும் இல்லை. சேற்றுக்கு மேலே பலகை போட்டிருந்தார்கள். அதில் சனம் வரிசையாக நின்றது. உள்ளே ஒரு ஹீற்றர் உறுமிக்கொண்டிருந்தது. ஈவாவின் அண்ணன் கதவுக்கு நேரே இருந்தான். பள்ளிக்கூடத் தொப்பி, ஒரு காது மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு…

ஈவா படத்துக்குப் பக்கத்தில், அதற்கு முதுகைக் காட்டியபடி கதிரையில் இருந்தார். எனக்குப் புதினமாக இருந்தது. இதற்காகத்தானே இவ்வளவு நாள் காத்திருந்தார்?

"நீங்கள் பார்க்கவில்லையா?"

"அவனை நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்துவிட்டேன். இன்றைக்கு அவனைப் பார்ப்பவர்களைப் பார்க்க வந்தேன்" என்றார். "சொல்லுங்கள், உங்களுக்கு என்ன தெரிகிறது?"

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். "குழப்படிக்காரன். சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறான்."

ஈவா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஆமாம்! படம் பிடித்தவரின் கோட்டுப் பைக்குள் அப்போதுதான் ஒரு தவளையைப் போட்டிருந்தான்." அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வசந்தி வந்தாள். பேஸ்மென்ற் தண்ணீர் இன்னும் நிற்கவில்லை, திறப்பு விழா மேலும் தள்ளிப்போகும், மன்னிக்க வேண்டும் என்று ஈவாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

ஈவா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அவசரப்படாமல் நன்றாகக் கட்டுங்கள், பிள்ளை. நான் இனிக் காத்திருக்கவில்லை."