கழுத்துக்குப் போகும் வழி தொடையில்

"ஏம்பா, எங்க ஊட்டுக்காரருக்குக் கோளாறு கழுத்துல. நீ இன்னா தொடையில ஷேவ் பண்ண வந்துக்கிற? ஆள் மாறி வந்துட்டியா?"

போன வாரம் சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் கஸ்தூரி போட்ட சத்தம் இது. ரேஸருடன் வந்த வார்டுபாய் வந்த வழியே திரும்பிவிட்டார். சமாதானம் சொல்ல என்னைத் தள்ளிவிட்டார்கள் — பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை!

கஸ்தூரியின் கணவர் ஏழுமலை, கும்மிடிப்பூண்டியில் என் பக்கத்து வீட்டுக்காரர். இரும்புக் கம்பி தயாரிக்கும் ரோலிங் மில்லில் கிரேனுக்கு சிக்னல் கொடுப்பவர். மில் இரைச்சலில், மேலே கேபினில் இருக்கும் ஆபரேட்டருக்கு எதுவும் கேட்காது. ஏழுமலையின் வலது கைதான் பேச வேண்டும். கை ஏறினால் கம்பிக்கட்டு ஏறும். கை இறங்கினால் கட்டும் இறங்கும்.

போன மாதம் ஒரு நாள், கட்டு அந்தரத்தில் இருக்கும்போது அந்தக் கை தானாகத் தொப்பென்று விழுந்தது. கீழே லாரியில் ஆட்கள். இறக்கியிருந்தால்...?

ஆபரேட்டர் ரஃபி இறக்கவில்லை. ஏழுமலையின் கை இறங்கும் விதம் அவருக்குத் தெரியும். கட்டை ஓரமாகக் காலி இடத்தில் வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"இன்னாண்ணே, கை தொவண்டு பூடுச்சி?"

"வாயுடா. டீ குட்ச்சா சரியாப் பூடும்."

பத்தே நிமிடத்தில் சரியாகியும்விட்டது. அதுதான் வம்பே! ஏழுமலை சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். கிரேன் அசையவில்லை.

"நீ டாக்டராண்ட போய்க்கினு வாண்ணே. அதுவரிக்கும் உன் கைய நம்பி நான் ஓட்ட மாட்டேன்."

இருபது வருடமாக அந்தக் கையை நம்பிய ஆள் இப்படிச் சொன்னால் கோபம் வராதா? அந்தக் கோபத்தோடேயே ஸ்கேன் எடுக்கப் போனார். கழுத்தின் இடது பக்க ரத்தக்குழாய், கொழுப்பு படிந்து முக்கால்வாசி அடைத்துக் கிடந்தது. வலது கையை ஆட்டிவைக்கும் மூளைப் பகுதிக்கு ரத்தம் போகிற பாதை அது. அடுத்த முறை விழுந்தால் கை எழாமலே போகலாம் என்றார் டாக்டர்.

கஸ்தூரிக்கு விளக்கினேன். "தொடை ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு டியூபைக் கழுத்து வரைக்கும் விடுவாங்கம்மா. அடைச்ச இடத்தை பலூனால விரிச்சு, சின்னதா ஒரு வலைக்குழாய் வெச்சிடுவாங்க. கழுத்தைக் கிழிக்கவே வேண்டாம்."

"கும்மிடிப்பூண்டிலேர்ந்து பக்கத்துல இருக்குற மீஞ்சூருக்கு, சென்ட்ரல் சுத்திக்கினு போவாங்களா சார்?" என்றார் கஸ்தூரி. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கை பொழைச்சா போதும்" என்றார்.

சிகிச்சையின்போது தொடை மரத்துப்போக ஊசி மட்டும்தான். ஆள் முழித்தே இருந்தார். வலது கையில் ஒரு ரப்பர் வாத்தைக் கொடுத்து, சொல்லும்போதெல்லாம் அமுக்கச் சொன்னார்களாம். கீச் என்றால் மூளைக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறது என்று அர்த்தம். ஏழுமலை நிறுத்தாமல் அமுக்கியிருக்கிறார். கீச்... கீச்... கீச்... "போதும்ங்க, நாங்க சொல்றப்ப மட்டும்!" என்று டாக்டர் கெஞ்சியும் கேட்கவில்லை.

"இன்னா சார் பண்றது? நிறுத்துனா கையே நின்னுடுமோன்னு பயமா இருந்திச்சி" என்றார் மறுநாள் என்னிடம். சொல்லிக்கொண்டே, வலது கையால் சட்டைப் பொத்தானைப் போட்டார்.

யோசித்துப் பாருங்கள். பல்வலிக்கு லீவு போடுகிறோம். பத்து நிமிடம் கை செத்துப் பிழைத்தால், யாரிடமும் மூச்சுவிடாமல் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

உங்களுக்கும் அப்படி ஏதாவது வந்து, தானாகவே சரியாகிவிட்டதா? அப்படியென்றால்... இன்றைக்கே டாக்டரிடம் கிளம்புங்கள்!