அப்பாவுக்கு அடித்த மேளம்

இன்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் கிழவர் முழங்காலில் தேய்த்த தைலத்தின் நெடி, மண்சரிவில் போய்விட்ட எங்கள் லயத்துக் காம்பராவுக்கு, அந்த ஒற்றை அறை வீட்டுக்கு, என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. றப்பர் தோட்டத்தில் யார் செத்தாலும் தப்பு மேளம் அடித்தவர் அப்பாதான். அவர் செத்த அன்று, வெளியே கலவரப் பேச்சு இருந்ததால், சத்தம் கேட்டுக் கலவரக்காரர்கள் வந்துவிடுவார்கள் என்று தோட்டத்துத் தொரை அந்தத் தப்பை வாங்கி ஆபீசில் பூட்டி வைத்துவிட்டார்.

"அமெரிக்காவுல கறுப்பு அடிமைங்க மேளத்தையும் தொரைமாரு இப்புடித்தான் புடுங்குனாங்களாம் புள்ள, டிவியில காட்டுனாங்க. அவங்க ஒடம்புலயே அடிச்சி ஆடுனாங்களாம்," என்று என்னிடம் சொல்லிக்கொண்டே, அம்மாவின் அண்ணன் செல்வம் மாமா சட்டையைக் கழற்றினார்.

புதைகாடு வரைக்கும் நெஞ்சிலும் தொடையிலும் மாறி மாறி அறைந்தபடி, அப்பாவின் சாவு அடியை அடித்துக்கொண்டு மாமா பாடைக்கு முன்னால் ஆடிப் போனார். மாரடித்து அழுத பெண்களின் கைகளும் மெல்ல மெல்ல அந்தத் தாளத்துக்கே வந்துவிட்டன.

சாயந்தரம் மாமாவின் கன்றிய தொடைக்குத் தைலம் தேய்த்த அம்மா, "அண்ணே, அவரு முடிக்கிறப்ப மூணு அடி போடுவாரு. நீங்க ரெண்டுதான் போட்டீங்க," என்றாள்.

மாமா அவள் கையை விலக்கிவிட்டு, கன்றிய இடத்திலேயே ஓங்கி இன்னொன்று அறைந்தார்.