மச்சி நீட்டிய கைகள்

கொடுத்தவன் எடுத்துக்கொண்டான். குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை. நானா என்று நான் அழைக்கும் என் அண்ணனின் மனைவியும் எனக்குத் தாயுமாக இருந்த மச்சி மறைந்து ஓராண்டு ஆகிறது.

மச்சி பினாங்கில் பிறந்த மலாய்ப் பெண். நாகூரிலிருந்து அங்கே இஞ்சினியர் வேலைக்குப் போன நானாவைக் கைப்பிடித்து, அறுபதுகளின் கடைசியில் மாண்ட்ரியல் வந்தார். முதல் இரண்டு குளிர்காலம் டோர்வல் விமான நிலையச் சமையற்கூடத்தில் நின்றே கால் வீங்கியவர். உம்மாவும் வாப்பாவும் மவுத்தாகி நான் தனியான பிறகு என்னையும் மாண்ட்ரியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருந்த தம் வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டார். என்னை "ஆடிக்" என்பார். மலாயில் தங்கை என்று பொருள். யாரையும் சுட்டுவிரல் நீட்டிக் காட்டமாட்டார். கையை மடக்கிப் பெருவிரலால்தான் காட்டுவார். பிரெஞ்சு மட்டுமே தெரிந்த தபால்காரரிடமும் "சாப்ட்டாச்சா?" என்று தமிழில் கேட்பார்.

பெருநாளுக்குத் தென்னங்குருத்தில் கூடு பின்னி, அரிசியை அடைத்து வேகவைப்பது மலாய் வழக்கம். இங்கே தென்னைக்கு எங்கே போவது? வெள்ளைத் துணியில் சின்னப் பைகள் தைத்துக்கொள்வார்.

நான் வந்த முதல் பெருநாள் காலையில், மச்சி நானாவின் முன் மண்டியிட்டு அவர் கையை முத்தமிட்டு, வெளியே தெரிந்த பிழையையும் உள்ளே மறைந்த பிழையையும் பொறுக்கச் சொல்லி அழுதார். நான் பதறிப்போனேன்.

"மச்சி என்ன பண்ணிட்டாங்க, நானா?"

"ஒண்ணுமில்ல புள்ளே. இது மலாய்க்காரங்க பழக்கம். எளையவங்க பெரியவங்ககிட்ட மன்னிப்புக் கேப்பாங்க."

பிறகு மச்சி என்னிடம் இரு கைகளையும் நீட்டினார். என் முறை.

"நான் ஒரு தப்பும் பண்ணலியே மச்சி" என்று ஆபீசில் குலுக்குவதுபோல் குலுக்கிவிட்டேன். வருடா வருடம் இதே பதில்தான். எனக்கு வாய்த்துடுக்கு அதிகம்.

ஒரு வருடம், பெருநாளுக்கு முந்தின நாள், மச்சி கடைக்குப் போயிருந்தபோது பினாங்கிலிருந்து தந்தி வந்தது. அவருடைய தாயார் கவலைக்கிடம், உடனே வரவும். மறுநாள் முப்பது பேருக்கு விருந்து. பெருநாள் கழியட்டும் என்று தந்தியை என் அலமாரியில் வைத்தேன். நானாவிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் "இப்பதான் வந்துச்சு மச்சி" என்று கொடுத்தேன். மச்சி போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

அடுத்த பெருநாளில் மச்சி கைகளை நீட்டியபோது மண்டியிட்டேன். சொல்ல வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது.

"போதும் ஆடிக். எந்திரி, சோறு ஆறுது" என்றார்.

சென்ற ஆண்டு ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தார். இன்று சொல்லிவிடுவேன் என்று தினமும் போவேன், சொல்லாமலே திரும்புவேன். நான் ஒரு கோழை. அவர் போன பிறகு துணிப்பெட்டியில் அந்தத் தந்தி இருந்தது. அது மாண்ட்ரியல் வந்த தேதி மேலேயே அச்சாகியிருக்கிறது. மச்சி வாங்கிய அன்றே படித்திருப்பார். படித்துவிட்டுத்தான் அடுத்த பெருநாளில் எனக்குக் கை நீட்டியிருக்கிறார்.

மச்சியைக் குளிப்பாட்டிக் கபன் துணி போர்த்திய பெண்களுக்கும், நாற்பது நாளும் கர்க்லாண்டிலிருந்து சோறு கொண்டுவந்த குடும்பத்தாருக்கும், ஜனாஸா அடக்கத்துக்குப் புறப்பட வாசல் பனியைத் தள்ளிக்கொடுத்த பக்கத்து வீட்டு பிரெஞ்சுத் தம்பதிக்கும் நாங்கள் நன்றி மறவோம்.

மறைந்தவர் பிழை செய்திருந்தால் பொறுத்தருளுங்கள் என்று முடிப்பது வழக்கம். மச்சிக்காக அப்படிக் கேட்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. என் பிழையை நானாவும் இதைப் படித்துத்தான் அறியப்போகிறார்.

நானா, வருகிற பெருநாளுக்கு நான் மண்டியிட்டால் கையை நீட்டுவீர்களா?