ஒன்பதாவது மாடியில் இரண்டாவது நாற்காலி

பல்லி என்று சொன்னால் அந்தத் தொழிலில் தெரியாதவர்கள் கிடையாது. கண்ணாடிச் சுவர் வைத்த கட்டடம் எத்தனை மாடி இருந்தாலும் சரி, உச்சியில் கயிற்றைக் கட்டி, ஒரு பலகையில் உட்கார்ந்தபடியே இறங்கி, பளபளவென்று துடைத்துவிட்டுத் தரையில் வந்து நிற்பார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். உயரம் என்றால் அவருக்கு மருந்துக்குக்கூடப் பயம் கிடையாது என்று உடன் வேலை செய்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார்கள்.

பிறக்கும்போதே யாரும் பல்லியாகப் பிறப்பதில்லை. முதல் நாள் மொட்டைமாடி விளிம்பில் நிறுத்தியபோது அவருடைய முழங்கால் இரண்டும் தந்தியடித்தன. அதே வாரம் வேலைக்குச் சேர்ந்த இன்னொருவன் பக்கத்தில் நின்றான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. மேஸ்திரி கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில், "ரெண்டு பேரும் கீழ போய்த் தரையைக் கூட்டுங்கடா" என்று தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் அந்த இன்னொருவன் என்ன நினைத்தானோ, பல்லியின் இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்து வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தான். கயிற்றில் மாட்டியிருந்த கொக்கி அசையவில்லை. முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "நான் இருக்கேன், போ" என்றான். அவன் இருந்து என்ன கிழிக்கப்போகிறான் என்று பல்லிக்குத் தெரியவில்லை. அவனே நடுங்கிக்கொண்டுதான் நின்றான். ஆனாலும் கால் நகர்ந்தது. மறுமுறை பல்லி அவனுக்கு இழுத்து, தட்டி, அதையே சொன்னார். அன்றிலிருந்து அது அவர்களுக்குள் வழக்கமாகிப்போனது. ஒருவர் இழுத்துப் பார்த்துத் தட்டாமல் மற்றவர் விளிம்பைத் தாண்டுவதில்லை. கயிற்றை நம்பி ஒப்படைத்தவனை நம்பித் தங்கையையும் கொடுத்தான் அந்தக் கூட்டாளி. அவன் மச்சான் ஆனது அப்படித்தான்.

பழக்கம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆரம்பத்தில் பல்லி தன் முகத்துக்கு நேரே இருந்த கண்ணாடியை மட்டும் பார்த்தார். பிறகு கண்ணாடியில் தெரிந்த வானத்தைப் பார்த்தார். பிறகு ஒரு நாள், மேலே நின்ற கூட்டாளி வாளியை இழுத்துத் தண்ணீர் நிரப்பிக் கொடுப்பதற்குள், தன்னை அறியாமல் காலை ஆட்டிக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். உள்ளே மேஜையில் உட்கார்ந்திருந்த ஒருவர் பேனாவை வைத்துவிட்டு வாயைப் பிளந்து பார்த்தபோதுதான் அவருக்கே உறைத்தது. பயம் சொல்லிக்கொள்ளாமலேயே போயிருந்தது.

பயம் போனது, பழக்கம் ஒட்டிக்கொண்டது. மேலிருந்து ஒரு சின்னத் திருகாணி நழுவினாலும் கீழே போகிறவன் தலை போய்விடும் என்பதால், அவர்கள் தொழிலில் எல்லாவற்றையும் உடம்போடு கட்டிக்கொள்வார்கள். பல்லிக்கு அது வீட்டிலும் விடவில்லை. செல்போனுக்கு ஒரு நாடா, சாவிக்கு ஒரு நாடா, மூக்குக்கண்ணாடிக்கு ஒரு நாடா. "அப்படியே என்னையும் ஒரு கயித்துல கட்டி இடுப்புல மாட்டிக்குங்க" என்பாள் மனைவி.

மனைவி தையல்காரி. அவர்கள் குடியிருந்தது தரைத்தளத்தில் ஓர் இருட்டு அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் மூக்கில் இடிக்கும். நடுப்பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஊசியை அதற்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூல் கோர்ப்பாள். அவர்கள் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று எல்லோரையும் காலி செய்யச் சொன்னபோது, அக்கம்பக்கமெல்லாம் அழுதது. அவள் மட்டும் உள்ளூரச் சிரித்தாள். நாலே நாளில் ஒரு வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒன்பதாவது மாடி. காலை வெயில் நேராக வந்து விழும் பால்கனி.

"உங்களுக்கு ஒன்பதாவது மாடியெல்லாம் ஒரு மாடியா? உங்க கால் தூசிக்குச் சமானம்" என்றாள்.

பல்லி பால்கனிக் கதவு வரை போனார். வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார். அவருடைய வலது கை தானாக இடுப்புக்குப் போய்க் கொக்கியைத் தேடியது. கொக்கி இல்லை. அந்த முதல் நாள் முழங்கால்கள் திரும்பி வந்துவிட்டன. திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார். அது வெயிலில் பளிச்சென்று இருந்தது. "நல்லா இருக்கு, முடிச்சிடலாம்" என்றார்.

குடி வந்த அன்றே அவள் பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டாள். ஒன்று தனக்கு, ஒன்று அவருக்கு. டீயை ஆற்றி வைத்துக்கொண்டு கூப்பிடுவாள். கால் வலி என்பார். கண் கூசுகிறது என்பார். நாள் முழுக்க வெளியில் தொங்கிவிட்டு வருகிறவனுக்கு வீட்டுக்குள் உட்கார ஆசையிருக்காதா என்பார். சாக்குச் சொல்வதில் அவருக்கு அத்தனை சாமர்த்தியம் இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. அவள் தனியாக உட்கார்ந்து தைத்தாள். இரண்டாவது நாற்காலியில் வெட்டிய துணிகள் குவிந்தன.

மறுபக்கம் வேலையில் ஒரு குறையுமில்லை. அதே வாரம் நகரத்திலேயே உயரமான கட்டடத்தில், காற்று பலகையைத் தொட்டிலாக ஆட்டியபோதும் சாவகாசமாக விசிலடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் மனைவி துணிகளையெல்லாம் மடித்து உள்ளே கொண்டுவந்து வைத்தாள். அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"இந்த வீட்டை விட்டுடலாங்க."

"ஏன்? என்னாச்சு?"

"உங்களுக்கு இங்க வந்ததுலேர்ந்து மனசே ஒட்டலை. வாய் திறந்து சொல்லலையே தவிர, எனக்குத் தெரியாதா? ஒரு நாள் வந்து பக்கத்துல உட்கார்ந்தீங்களா? எனக்கு வெளிச்சம் கிடைச்சா போதுமா? கீழேயே ஒரு வீடு பார்க்கச் சொல்லிட்டேன்." சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

பல்லிக்குச் சுரீரென்றது. மானம் பெரிதா, இவள் வெளிச்சம் பெரிதா என்று ஒரு கணம் உள்ளுக்குள் வழக்கு நடந்தது. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "வீட்டுல ஒரு குறையும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

"எதுக்குப் பயம்?"

"பால்கனிக்கு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், விளையாட்டில்லை என்று தெரிந்தது. "கயித்துல தொங்குற மனுஷன்..."

"அதான்! அங்க கயிறு இருக்கு. ஒண்ணுக்கு ரெண்டா இருக்கு. நானே கட்டி, உன் அண்ணன் இழுத்துப் பார்த்த கயிறு. இங்க என்ன இருக்கு?"

"கம்பி இருக்கே!"

"இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பி. அதை எவன் போட்டான், எப்படிப் போட்டான், எனக்கு என்ன தெரியும்?"

அவளால் அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதில் பாதி சற்றுமுன் மிச்சம் வைத்த அழுகை. பல்லி முதலில் முறைத்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் அந்தச் சிரிப்போடு இறங்கியது.

சிரித்து முடித்தவுடன் அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் மச்சானுக்குச் சிரிப்பில் புரையேறியது இந்தப் பக்கம் வரை கேட்டது. "ஐயோ, பல்லிக்குச் சுவரு பயமா!" என்று அவன் அடுத்த வீட்டுக்கும் கேட்கக் கத்தினான். நாளைக்கு வேலையிடத்தில் தன் பாடு திண்டாட்டம் என்று பல்லி அங்கேயே முடிவு கட்டிவிட்டார். பிறகு அந்தப் பக்கம் குரல் தணிந்தது. என்ன சொன்னானோ, அவள் "சரிண்ணே, சரிண்ணே" என்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போனை வைத்துவிட்டு அவரைப் பால்கனிக் கதவருகே கூட்டிப்போனாள். பின்னால் நின்று அவருடைய பெல்ட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். முதுகில் இரண்டு தட்டு. "நான் இருக்கேன், போங்க."

கால் நகர்ந்தது. ஓரடி, இன்னோரடி, பிறகு நாற்காலியின் கை அகப்பட்டது. சுவரை ஒட்டியபடி மெதுவாக உட்கார்ந்தார். வெயில் முகத்தில் விழுந்தது. பக்கத்து நாற்காலியில் அவளும் உட்கார்ந்தாள்.

சற்று மூச்சு வந்ததும் அவர் கண் கம்பியோரம் இருந்த கத்தரிக்கோலின்மேல் போயிற்று. "இதை இப்படியா வைப்பே? ஒன்பது மாடி! கீழ போறவன் தலை என்னாகும்?" சட்டைப்பையிலிருந்து ஒரு நாடாவை எடுத்து அதை நாற்காலியோடு கட்டினார். துணி கிளிப் கூடையைக் கட்டினார். நூல் பெட்டியைக் கட்டினார். உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டிய அத்தனையையும் கட்டி முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

"எல்லாத்தையும் கட்டியாச்சு. என்னை மட்டும் அம்போன்னு விட்டுட்டீங்களே?" என்றாள் அவள்.

"நீ ஏன் இன்னும் தைக்க ஆரம்பிக்கலை? வெளிச்சம் வீணாப் போகுதே" என்று அவர் கேட்டார்.

"எப்படித் தைக்கிறது? ஒரு கை வேணுமே" என்றாள். அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார். அவளுடைய இடது கை அவர் பெல்ட்டை இன்னும் விடவில்லை.