ஒத்துழைக்காத ரேவதி

திங்கட்கிழமை காலை, அம்பத்தூர் டயாலிசிஸ் மையத்தில் என் கணினியைத் திறந்தபோது ரேவதியின் பெயர் சிவப்பில் இருந்தது. சிறுநீரகம் பழுதான இளைஞர்களுக்காக மையம் கொடுத்திருந்த செல்பேசிச் செயலியில், முந்தின நாள் மதியம் 'மூச்சு வாங்குகிறது, கால் வீக்கம்' என்று பதிந்திருந்தாள். 'உடனே உங்கள் மையத்தைத் தொடர்புகொள்ளவும்' என்று செயலி பதில் சொல்லியிருக்கிறது. ஞாயிறன்று மையத்துக்கு விடுமுறை. அவள் எண்ணுக்கு அழைத்தேன். அண்ணன் குமார் எடுத்தார்.

"பூட்டா மேடம். விடிகாலைல ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறப்போ ஆட்டோலயே பூட்டா."

இருபத்தைந்து வயது. மறுவாரம் நடந்த இரங்கல் கூட்டத்தில், செயலியைச் செய்த நிறுவனத்தார் அவள் படத்தைத் திரையில் போட்டார்கள். புன்னகை மாறாத பெண்ணாம். கடைசி நாள்வரை செயலியைக் கைவிடாதவளாம். அவளுக்குப் பக்கத்துப் படுக்கைகளில் கிடந்தவர்களே, நீங்களும் தலையாட்டினீர்கள். பொய் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று வருடத்தில் அவள் என்னைப் பார்த்து ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. நானும் அதற்குக் காரணம் எதுவும் கொடுத்ததில்லை.

செயலியில் ஆள் சேர்ப்பதும், அவர்கள் ஒழுங்காகப் பதிகிறார்களா என்று பார்ப்பதும் என் வேலை. ரேவதி முதலிலேயே வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. ஊசி ஏறியிருந்த கையை அசைக்க முடியாமல் அவள் படுத்திருந்தபோது, செல்லை வாங்கிச் செயலியை நானே ஏற்றிக் கொடுத்தேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன்.

அவள் திருநின்றவூரிலிருந்து ரயிலில் வந்து, பாடியில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். உள்ளே செல் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். செயலியோ பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் மாத்திரை போட்டாயா, எவ்வளவு தண்ணீர் குடித்தாய் என்று கேட்டுக்கொண்டிருக்கும். பதில் வராவிட்டால் சிவப்பு. தொடர்ந்து சிவப்பு வந்தால் 'ஒத்துழைக்காதவர்' என்று பட்டியல் போடும். அந்தப் பட்டியலை நான் டாக்டரிடம் கொடுத்தேன். எல்லோர் முன்னாலும் அவர் அவளைத் திட்டினார். டயாலிசிஸ் முடிந்ததும் நேராக என் மேசைக்கு வந்தாள்.

"செல்லு லாக்கர்ல கீது, நான் மிஷினாண்ட கீறேன். மாத்திரைய வேளைக்குப் போட்டுகினுதான் கீறேன். என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை. விதிமுறை அப்படி என்றேன்.

அதைவிடப் பெரிய தவறு பிறகு நடந்தது. சிவப்பு நீடித்தால் குடும்பத்தாருக்குச் செய்தி அனுப்பும் வசதி ஒன்று உண்டு. அவளிடம் சொல்லாமல் குமாரின் எண்ணைப் போட்டு, பொத்தானை அழுத்தினேன். 'ரேவதி சிறுநீரகச் சிகிச்சையை அலட்சியம் செய்கிறார்' என்று அவருக்குப் போயிற்று. பயந்துபோன மனிதர், அவளுக்கு வேலை வாங்கிக்கொடுத்த சூப்பர்வைசரிடம் அதைக் காட்டி, கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். கையின் ஊசித் தழும்புகளை முழுக்கைச் சட்டையால் மூடி இரண்டு வருடம் அவள் மறைத்து வைத்திருந்த நோய் ஒரே நாளில் தொழிற்சாலை முழுக்கத் தெரிந்தது. உடம்பு சரியானதும் வா என்று அனுப்பிவிட்டார்கள். சரியாகிற உடம்பா அது?

அன்றைக்கு அவள் குரலே உயரவில்லை.

"நோயி என்னுது. யாராண்ட சொல்றதுன்னு நான்தான் சொல்லணும். ஆப்புன்னு சரியாத்தான் பேரு வெச்சிக்கீறீங்க மேடம். நல்லா வெச்சீங்க."

மன்னிப்புக் கேட்டேன். பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனாள். குமாரிடமும் பல மாதம் பேசவில்லை என்று பின்னால் அறிந்தேன்.

நிறுவனத்தார் ஒருமுறை நோயாளிகளின் கருத்தைக் கேட்க வந்தார்கள். எழுந்து பேசியவள் அவள் ஒருத்திதான். செயலி சிவப்பு காட்டினால் இங்கிருந்து யார் வருவீர்கள், ஆள் பெயரைச் சொல்லுங்கள் என்றாள். மடிக்கணினியில் ஏதோ தட்டிக்கொண்டார்கள். பெயர் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை. அதன்பின் நான் சண்டை பிடித்து, நோயாளியின் சம்மதமில்லாமல் வீட்டாருக்குச் செய்தி போகாதபடி மாற்ற வைத்தேன். அதை அவளிடம் சொன்னபோது, "எனக்கப்புறம் வர்றதுங்களுக்காவது ஆவும்" என்றாள். என்னை அவள் மன்னிக்கவில்லை. மன்னித்ததாக எழுதி என்னைத் தேற்றிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

கூட்டத்தில் காட்டிய படம் அவள் அடையாள அட்டைக்கு எடுத்தது. போட்டோக்காரர் சொல்லிச் சிரித்திருப்பாள். அதை விளம்பரத்தில் போட அனுமதி வேண்டும் என்று குமாரிடம் கையெழுத்துக்குப் போயிருக்கிறார்கள். அவர் தாளைக் கிழித்துப் போட்டார். அவருக்கு என் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை நிர்வாகக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நர்ஸ் போனை எடுக்க வேண்டும், இல்லையென்றால் அந்தச் செயலியை நிறுத்துங்கள் என்றேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாக மேலாளர் சொன்னார். மேலிடத்தின் எண்ணைக் கொடுங்கள், இப்போதே பேசுகிறேன் என்றேன்.

"நீங்க இப்டிப் பேசற ஆளே இல்லையே மேடம்" என்றார்.

உண்மைதான், நான் இப்படிப் பேசுகிறவள் அல்ல. ரேவதியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபம் ஒன்றுதான். இதை ஆறவிடாமல் வைத்திருக்கிறேன்.